ஹார்ப்சிகார்டைக் காணோம்

அந்தப் பல் டாக்டருக்கு வயலின் வாசிக்கத் தெரியாது. கையில் கொடுத்தால் எந்தப் பக்கத்தைத் தோளில் வைப்பது என்று யோசிப்பார். ஆனாலும் தெருவில் அவருக்கு வயலின் டாக்டர் என்றுதான் பெயர். முந்நூறு வருடங்களுக்கு முன்னால், பரோக் காலம் என்கிறார்களே, அப்போது எழுதப்பட்ட வயலின் கான்செர்ட்டோக்கள் என்றால் மனிதர் உயிரை விடுவார். ஒருவர் முன்னால் நின்று வயலினை வெளுத்து வாங்க, பின்னால் ஒரு சின்னக் கூட்டம் அவருக்கு ஈடுகொடுத்து வாசிக்கும். கிளினிக் கதவு திறந்ததிலிருந்து மூடும்வரை அதுதான் ஓடும். கீழே கிளினிக், மேலே வீடு. சாயங்காலம் கீழே நிறுத்திவிட்டு மாடியேறிப் போய் அங்கே போட்டுக்கொள்வார்.

இசை பிடிக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் அவருக்குக் கோபம் வரும். அவருக்குப் பிடித்தது அந்த இசை பதிவாகியிருக்கும் விதம். ஒரே கான்செர்ட்டோவை ஒன்பது பேர் வாசித்திருந்தால் ஒன்பது சிடியும் அவரிடம் இருக்கும். இது தேவாலயத்தில் பதிவு செய்தது, குளியலறையில் பாடுகிற மாதிரி எதிரொலி என்பார். இது மைக்கைக் கொண்டுபோய் வயலின்காரர் மூக்குக்குக் கீழே வைத்தது, வில் உராய்வதைவிட அவர் மூச்சு வாங்குவதுதான் அதிகம் கேட்கிறது என்பார். பழைய பதிவில் இருந்த இரைச்சலைத் துடைக்கிறேன் பேர்வழி என்று கம்பெனிக்காரர்கள் அந்த அறையின் காற்றையே துடைத்துவிட்டார்கள் என்று ஒரு நாள் பூராவும் புலம்பியிருக்கிறார். எஃகுக் கம்பி போட்ட வயலினையும் ஆட்டுக்குடலில் திரித்த நரம்பு போட்ட வயலினையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிரித்துச் சொல்லிவிடுவார்.

அவற்றில் ஒன்றே ஒன்று அவருக்குச் செல்லப்பிள்ளை. மரத்தளம் போட்ட ஒரு பழைய கூடத்தில் பதிவு செய்தது. லேசாக இரைச்சல் இருக்கும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டால் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியும். வயலின் கொஞ்சம் இடப்பக்கம். பெரிய வாத்தியங்கள் நடுவில். பின்னால் வலது மூலையில் ஹார்ப்சிகார்ட். பியானோவுக்கு முப்பாட்டன் அது. கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சின்ன நகம் தந்தியைச் சுண்டிவிடும், கிலுங் கிலுங் என்று உதிரும். வயலின் எவ்வளவு அழகாக வாசித்தாலும், பின்னால் அந்தக் கிலுங் கிலுங் இல்லாவிட்டால் தனக்குச் சோறு இறங்காது என்பார் டாக்டர்.

இதையெல்லாம் சொல்வதற்கு அவருக்குக் கிடைத்த ஆட்கள் நோயாளிகள்தான். வேறு யார் உட்கார்ந்து கேட்பார்கள்? நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, கன்னத்துக்குள் பஞ்சை அடக்கி, எச்சில் உறிஞ்சும் குழாயை மாட்டிவிட்டு, ட்ரில்லைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்பார். "எப்படி இருக்கு பாருங்க இந்த இடம்? சொக்க வைக்குது இல்ல?"

"ஆ... ஆ..." என்பார் நோயாளி.

டாக்டருக்கு உச்சி குளிர்ந்துவிடும். "அதான் பாருங்க. ரசனை உள்ளவங்களுக்குச் சொல்லவே வேண்டியதில்லை."

அவர் மனைவிக்கு அந்த ரசனை கிடையாது. கிளினிக்கின் முன்னறையில் மேசை போட்டு உட்கார்ந்து, யார் எப்போது வரவேண்டும் என்று நேரம் கொடுப்பவர் அவர்தான். கல்யாணமான நாளிலிருந்து அந்த வயலினைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். வயலினைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஹார்ப்சிகார்டைத்தான் அவரால் சகிக்க முடியவில்லை. தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி இருக்கிறது என்று முதல் வாரமே சொல்லிவிட்டார். அதிலிருந்து அந்த வீட்டில் ஹார்ப்சிகார்டுக்கு ஆணி டப்பா என்று பெயர். "உங்க ஆணி டப்பாவைக் கொஞ்சம் நிறுத்தினீங்கன்னா ஃபோன் பேசிக்குவேன்" என்பார். டாக்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டே நிறுத்துவார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு மழைக்காலத்தில் டாக்டர் தன் செல்லப்பிள்ளையைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவர், சட்டென்று எழுந்து ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். வயலின் இருந்தது. பெரிய வாத்தியங்கள் இருந்தன. வலது மூலையில் யாரையும் காணோம்.

"ஹார்ப்சிகார்டைக் காணோம்" என்றார், வீட்டில் பொருள் களவுபோனவர் மாதிரி.

சிடி பழுதாகிவிட்டதோ என்று அதே பதிவில் புதிதாக ஒன்று வரவழைத்தார். அதிலும் இல்லை. சரி, புதுப் பதிப்பில் கம்பெனிக்காரன் வேலையைக் காட்டிவிட்டான் என்று முடிவுகட்டினார். பிறகு மற்றவற்றையும் போட்டுப் பார்த்தார். ஒன்றில் ஹார்ப்சிகார்ட் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தது, இன்னொன்றில் போர்வைக்குள்ளிருந்து கேட்டது. ஆக, கோளாறு பெட்டியில். ஸ்டீரியோ பழுதுபார்ப்பவரைக் கூப்பிட்டார். அவர் ஆம்ப்ளிஃபயரைத் திறந்து, ஊதி, துடைத்து, மூடி, "எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கு சார்" என்றார். டாக்டர் நம்பவில்லை. ஒயரை மாற்றினார். ஸ்பீக்கரை மாற்றினார். ஸ்பீக்கர் வைத்த மேசையை மாற்றினார். கடைசியில் ட்ரெபிள் என்று எழுதிய குமிழைக் கொஞ்சம் திருகினார். கூர்மையான சத்தங்கள் அதில்தான் ஏறும். ஹார்ப்சிகார்ட் எங்கோ தூரத்தில் எட்டிப் பார்த்தது. இன்னும் கொஞ்சம் திருகினார். பிறகு அந்தக் குமிழ் போகிற எல்லைவரை போய் நின்றது. கிளினிக்கில் இருந்த பெட்டியிலும் அப்படியே செய்துவைத்தார்.

அதற்கப்புறம் நாற்காலியில் சாய்ந்தவர்களின் கதியை என்னவென்று சொல்வது! பல்லுக்குள் ட்ரில் குடைகிறது, காதுக்குள் வயலின் குடைகிறது, இரண்டில் எது எது என்று தெரியவில்லை. வலிக்காத பல்லும் கூசியது. டாக்டரோ ட்ரில்லை எடுத்த பிறகும் ஆள் ஏன் துடிக்கிறார் என்று புரியாமல், இன்னொரு ஊசி போடட்டுமா என்று கேட்டார். வாய் நிறையப் பஞ்சோடு என்ன பதில் சொல்வது? "ஆ... ஆ..."

"பார்த்தீங்களா, இப்பத்தான் சவுண்டு தெளிவா இருக்கு" என்றார் டாக்டர்.

பஞ்சை எடுத்த பிறகு அவர்கள் முன்னறையில் பேசினார்கள். பாதி உதடு மரத்துப்போயிருந்தாலும் பேசினார்கள். "என் பல்லு மொத்தத்தையும் வேணா எடுத்துக்கட்டும்மா, அந்தப் பாட்டை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க" என்று ஒரு தையல்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்த முறை அவர் வரவில்லை, பக்கத்துத் தெரு டாக்டரிடம் போய்விட்டார். முன்னறை நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாவதை மனைவி பார்த்துக்கொண்டிருந்தார். கணவரிடம் மூச்சு விடவில்லை. தான் ஆணி டப்பா என்றால் இவர் தாங்குவார், ரசனை உள்ளவர்கள் என்று நினைத்த நோயாளிகளே குறை சொல்கிறார்கள் என்று தெரிந்தால் முகம் தொங்கிப்போய் மூன்று நாள் சாப்பிட மாட்டார் என்று அவருக்குத் தெரியும். மழை, திருமணம், பரீட்சை என்று ஆள் வராததற்கு அவரே ஏதேதோ காரணம் கற்பித்துச் சொன்னார்.

மனைவியின் தம்பிதான் சிக்கலை இழுத்துவிட்டான். வண்ணமீன் கடை வைத்திருப்பவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையைத் திறக்கும் முன் வந்து மாமாவோடு உட்கார்ந்து ஒரு கான்செர்ட்டோ கேட்டுவிட்டுப் போவது அவன் வழக்கம். டாக்டரின் ஒரே உண்மையான ரசிகன் அவன்தான். மழையால் பல வாரம் வராமலிருந்து, ஒரு ஞாயிறு வந்தவன் காதைப் பொத்திக்கொண்டான்.

"என்ன மாமா இது, ஈயப் பாத்திரத்தை ஆணியால கீறற மாதிரி இருக்கு!"

"ட்ரெபிளை ஏத்தாம ஹார்ப்சிகார்ட் கேக்கலை மாப்ளே. அழிச்சுட்டான் கம்பெனிக்காரன்."

"அழிச்சுட்டானா? அது பாட்டுக்கு இருக்கே!"

"எங்க இருக்கு?"

"வலது பக்கம், பின்னால."

டாக்டருக்கு ரத்தம் கொதித்தது. மச்சினன் விளையாட்டுக்காரன், எதிலும் குறும்பு செய்பவன். இவனை இப்படியே விடக் கூடாது, கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று அடுத்த ஞாயிறு மாடிக் கூடத்தில் ஒரு விசாரணையே வைத்துவிட்டார். மச்சினனைத் தவிர, பெட்டி கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று சொன்ன பழுதுபார்ப்பவரும் குற்றவாளி. சாட்சிக்குக் கிளினிக் நர்ஸ். அந்த நர்ஸ் சிரித்து யாரும் பார்த்ததில்லை, வேடிக்கைக்குக்கூட ஒரு பொய் வாயில் வராது. மனைவியையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். நாலு பேரும் சோபாவில் வரிசையாக உட்கார, டாக்டர் ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர்களைப் பார்த்து நின்றார். ட்ரெபிள் குமிழை எல்லோர் கண் முன்னாலும் நடுவில் கொண்டுவந்து வைத்தார்.

"ஹார்ப்சிகார்ட் கேட்டா கையைத் தூக்குங்க. கேக்கலைன்னா இறக்கிடுங்க. ஒருத்தரை ஒருத்தர் பார்க்கக் கூடாது, கண்ணை மூடிக்கணும்."

"ஹார்ப்சிகார்ட்னா அந்த ஆணி டப்பாதானே?" என்று மனைவி உறுதி செய்துகொண்டார்.

"அதேதான்."

செல்லப்பிள்ளையின் வேகமான முதல் பகுதி தொடங்கியது. மொத்தக் கூட்டமும் சேர்ந்து வாசித்தது. டாக்டர் காதைத் தீட்டிக்கொண்டார். வயலின்கள், பெரிய வாத்தியங்களின் உறுமல், அவ்வளவுதான். வெற்றிப் புன்னகையோடு நிமிர்ந்து பார்த்தார். நாலு கையும் மேலே இருந்தன.

பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். கூட்டம் அடங்கி, வயலின் மட்டும் தனியாக ஓடத் தொடங்கியது. அந்த இடத்தில் ஹார்ப்சிகார்ட் வாசிக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். நாலு கையும் ஒரே நொடியில் இறங்கின. கூட்டம் திரும்பி வந்தது. கண்ணை மூடியபடியே நாலு பேரும் ஒரே நொடியில் தூக்கினார்கள். எல்லாருக்கும் ஒரு இழை முன்னால் போனது மனைவியின் கை. மறுபடி இறங்கியது, மறுபடி ஏறியது. இப்படி ஒன்றாகச் செய்ய யாராலும் பேசி வைத்துக்கொள்ள முடியாது. அதைப் புரிந்துகொண்டதும் டாக்டர் உட்காரப் பார்த்தார், பின்னால் நாற்காலி இல்லை.

சிடியை நிறுத்திவிட்டு, "கண்ணைத் திறங்க" என்றார். மச்சினன்கூடச் சிரிக்கவில்லை.

நர்ஸ்தான் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கத்தியெல்லாம் அவிக்கிற மிஷின் முடிஞ்சதும் கீ கீன்னு கூப்பிடுமே டாக்டர், அதுவும் உங்களுக்குக் கேக்கறதில்லை. நீங்க வேலையில மும்முரமா இருக்கீங்கன்னு நினைச்சு நானே போய் நிறுத்திடுவேன்."

காது டாக்டர் அவருக்குத் தெரிந்தவர்தான், இவரிடம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டவர். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் மூடியை மாட்டி, ஒவ்வொரு சத்தமாக அனுப்பிப் பார்த்துவிட்டு வந்தார். "ட்ரில்லைக் காதுக்குப் பக்கத்துல வெச்சுக்கிட்டே இத்தனை வருஷம் குனிஞ்சிருக்கீங்க. உச்சத்துல இருக்கிற சத்தமெல்லாம்தான் முதல்ல போகும். போனது போனதுதான். இருக்கறதைக் காப்பாத்திக்குங்க. ட்ரில் பிடிக்கும்போது காதை அடைச்சுக்குங்க, மத்த நேரத்துக்குக் காது மிஷின் வெச்சுக்குங்க. அப்புறம் தயவு செஞ்சு அந்த ட்ரெபிளை இறக்கிடுங்க. உங்களுக்காக மட்டும் சொல்லலை. அன்னிக்கு அந்த நாற்காலியில நானும் இருந்தேன்."

டாக்டர் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். வயதானால் பல் போகும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு, தன் காது போகும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

காது மிஷின் வந்தது. பேச்சுக்கு அது அருமையாக இருந்தது. செய்தித்தாளைப் புரட்டினால் சரசரத்தது, செருப்பு தரையில் உரசுவது கேட்டது, கத்தி அவிக்கிற மிஷின் கீ கீ என்று கூப்பிட்டது. ஆனால் அதை மாட்டிக்கொண்டு வயலினைக் கேட்டால் கரண்டியால் தட்டைச் சுரண்டுவது போல இருந்தது. கழற்றினால் ஹார்ப்சிகார்ட் இல்லை. கிளினிக்கில் பாட்டை நிறுத்திவிட்டார். அன்று உள்ளே ஊசி நிரப்பிக்கொண்டிருந்தவருக்கு முன்னறையில் ஒருவர் பேசுவது முதன்முறையாகத் துல்லியமாகக் கேட்டது. "என்னம்மா, இன்னிக்குப் பாட்டு இல்லையா? அப்பாடா, பொழைச்சேன்!"

மத்தியானம் மனைவியிடம் கேட்டார். "ரொம்ப நாளாவே சொல்லிட்டிருக்காங்களா?"

"ஆமா."

"யார் யாரு?"

"பஞ்சை எடுத்ததும் எல்லாரும்."

டாக்டர் சிரிக்கத் தொடங்கினார். அந்த ஆ, ஆவெல்லாம் என்னவென்று இப்போது புரிந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மனைவிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரித்து முடித்ததும் டாக்டர் சொன்னதைக் கேட்டு அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சிடி எல்லாவற்றையும் மச்சினனுக்கே கொடுத்துவிடப் போகிறாராம். ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு வரச் சொல்லியாயிற்றாம்.

மச்சினன் மீன் தீவனம் வந்த அட்டைப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவை கூடம் முழுவதும் நாறின. அலமாரியிலிருந்து டாக்டரே ஒவ்வொரு வரிசையாக எடுத்து அடுக்கினார். அவன் ஒரு பெட்டியைக்கூடத் தொடவில்லை.

"எனக்கு ஆசைதான் மாமா. ஆனா இப்படி வாங்கிட்டுப் போக மனசு வரலை. வயலின் உங்களுக்கு நல்லாத்தானே கேக்குது?"

"பாதிதான் கேக்குது மாப்ளே. அதுவும் வழவழன்னு இருக்கு. பாதிப் பல்லை வெச்சுக்கிட்டுச் சாப்பிடறவன் படற பாடு எனக்குத் தெரியாதா? அதுக்கு இலையில உக்காராமலே இருக்கலாம்."

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி உள்ளே வந்தார். "பாதிப் பல்லோட வர்றவங்ககிட்ட அப்படித்தான் சொல்லி அனுப்பறீங்களா? மீதியைச் செஞ்சு மாட்டித்தானே விடறீங்க?"

"பல்லுக்குச் செய்யலாம். இதுக்கு யார் செய்யறது?"

மனைவி டாக்டரைச் சோபாவில் உட்கார வைத்து, அவருக்கு வலப்பக்கம் தானும் உட்கார்ந்து, அவர் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். டாக்டர் நெளிந்தார், மச்சினன் எதிரில் இருக்கிறானே!

"மிஷினைக் கழட்டுங்க. டேய், அந்த மரக்கூடத்துல வாசிச்சதைப் போடுடா. மெதுவா போகுமே, ரெண்டாவது பகுதி, அது."

அவன் போட்டான். பெரிய வாத்தியங்கள் அடியில் முனகத் தொடங்கின. மனைவியின் விரல் டாக்டரின் மணிக்கட்டுக்கு மேலே இறங்கியது. ஒன்று, பிறகு ஒன்று, பிறகு மூன்று விரல்கள் சேர்ந்து உதிர்கிற மாதிரி. வயலின் மேலே வந்து பாடியது. அதற்குக் கீழே, வலது பக்கத்தில், ஹார்ப்சிகார்ட் எங்கெங்கே இருக்க வேண்டுமோ அங்கெல்லாம் இருந்தது. தோலுக்குள் அது கிலுங் கிலுங் என்றது. எங்கே வேகமெடுக்கும், எங்கே தயங்கும் என்பதெல்லாம் அந்த விரல்களுக்குத் தெரிந்திருந்தது. டாக்டருக்கு வாய் பிளந்துவிட்டது, அவருடைய நோயாளிகளுக்குப் பிளப்பது போலவே.

"உனக்கு எப்படித் தெரியும்? உனக்குப் பிடிக்கவே பிடிக்காதே!"

"பிடிக்காததாலதான் தெரியும்" என்றார் மனைவி, விரலை நிறுத்தாமல். கணவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து உரக்கச் சொன்னார். "பிடிச்சிருந்தா உங்களை மாதிரி கண்ணை மூடிக்கிட்டுச் சொக்கிப்போயிருப்பேன். இத்தனை வருஷமா இந்தச் சனியன் எப்ப நிக்கும், எப்ப நிக்கும்னு ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டு உக்காந்திருந்தேனே! ஒண்ணைக்கூட விட்டதில்லை."

வயலின் மேலே மேலே ஏறி ஓர் உச்சியில் போய் நின்றது. டாக்டருக்கு அந்த இடம் மனப்பாடம். அங்கே ஹார்ப்சிகார்ட் நிறைந்து ஒலிக்கும். கையில் அதற்காகக் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. வயலின் இறங்கத் தொடங்கியபோதுதான் விரல் திரும்ப வந்தது.

"இங்க ஒண்ணு விட்டுட்டே" என்றார்.

"விடலை. அங்க அவன் வாசிக்கறதில்லை."

"நல்லா இருக்கே கதை! எத்தனை தடவை கேட்டிருக்கேன் நான். அங்கதான் நிறைஞ்சு இருக்கும்."

"அங்கதான் ஒண்ணுமே இருக்காது. அந்த ஒரு இடத்துலதான் நான் மூச்சு விடுவேன்."

மச்சினன் சிடியைப் பின்னால் ஓட்டி, ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக் கேட்டான். மறுபடி ஓட்டினான், மறுபடி கேட்டான். நிமிர்ந்து அசடு வழிந்தான். "அக்கா சொல்றது சரிதான் மாமா. அங்க வயலின் மட்டும்தான் இருக்கு. நானும் இவ்வளவு நாளா கவனிக்கலை."

இரண்டு காதும் பளிச்சென்று இருந்த காலத்திலேயே டாக்டர் இல்லாத ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. மனைவி எங்கே கையை எடுத்துக்கொண்டுவிடுவாரோ என்று, அந்தக் கையின் மேல் தன் இன்னொரு கையை வைத்துக்கொண்டார்.

"மாப்ளே, முதல்லேருந்து போடு."

அவன் போட்டான். பெரிய வாத்தியங்கள் முனகின, விரல்கள் உதிர்ந்தன, வயலின் ஏறியது. உச்சியில் அந்த இடம் வந்ததும் விரல் நின்றது. இந்தத் தடவை டாக்டரும் மனைவியோடு சேர்ந்து மூச்சு விட்டார்.